நாற்பது தப்படி

பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாகூர் கடைத்தெருவில் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. விளக்கு, சைக்கிள், பூட்டு என்று எல்லாம் பழுது பார்ப்பேன். துப்பாக்கி வைத்திருந்த பண்ணைக்காரர்கள் அதையும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

ஒரு பங்குனியில் செலியமேட்டிலிருந்து ஒருவர் வந்தார். பட்டாளத்தில் சொல்தா என்கிற சிப்பாயாக இருந்து திரும்பி, கரும்பு போட்டிருந்தவர். இரட்டைக்குழல் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார்.

"பன்னி கரும்ப நாசம் பண்ணுதுபா. பட்டாளத்துத் துப்பாக்கி மாதிரி இதுக்கும் பின்னால ஒரு குறி வச்சிக் குடு."

அந்த வகைத் துப்பாக்கியில் குழல் நுனியில் குறி பார்க்க ஒரு பித்தளை மணி மட்டுமே இருக்கும். பொடிக் குண்டான ரவை சிதறிப் பறவைமேல் விழ அது போதும். கண்ணுக்குப் பக்கத்தில் பள்ளம் வெட்டிய தகடு ஒன்றும் வைத்தால், ஒற்றைக் குண்டைக் குறித்த இடத்தில் அடிக்கலாம்.

"எவ்ளோ தூரத்துக்கு ஐயா?"

"நாப்பது தப்படி." யோசிக்கவே இல்லை.

பன்றி எத்தனை தப்படியில் வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அவருடைய கொல்லையிலிருந்து அவர் தம்பி மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கும் கிணறு அந்தத் தூரம்தான். அந்தக் கிணற்றை வைத்துத்தான் அண்ணனும் தம்பியும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை.

ஈயம் வைத்துப் பற்றவைத்தால் சூட்டில் இரண்டு குழலும் பிரிந்துவிடும். அதனால் இரண்டு குழலையும் சேர்க்கும் நடுப்பட்டையில் குறுக்கே அரத்தால் ராவிக் காடிப் பள்ளம் எடுத்து, தகட்டைத் தட்டி இறுக்கினேன். வற்றிய ஏரிக்குள் போய்ச் சுட்டுப் பார்த்தோம். அவர் தன் பழைய சட்டையைப் பனங்கட்டையில் மாட்டினார். மூன்றாவது குண்டு மார்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் துளைத்தது. துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தவர், "போதும்" என்றார்.

பளபளப்புத் தெரியாமல் தகட்டைக் கறுப்பாக்கித் தருவதாகச் சொல்லித் துப்பாக்கியை வாங்கிவந்தேன். அன்று சாயங்காலம், தகட்டை வலப்பக்கமாக ஒரு நூல் தள்ளித் தட்டினேன். நாற்பது தப்படியில் குண்டு ஒரு சாண் விலகும். மறுநாள் அவரிடம் கொடுத்தபோது கண்ணைப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து அந்தத் துப்பாக்கியோடு தம்பி வந்து நின்றார். இடது தோளில் துணிக் கட்டு.

"அண்ணனே கூப்ட்டாருபா. பன்னி வெரட்டணும், வாடான்னாரு. ரெண்டு வருசம் கழிச்சி! நான் கரும்புலேருந்து வெளிய வரேன், பன்னி என் காலாண்ட ஓடுது. குண்டு என் தோள ஒரசிக்கினு போச்சி. அண்ணன் அப்பிடியே குந்திக்கினு அழுதுட்டாரு. குறியில இன்னாவோ கோளாறாம், பாரு."

துப்பாக்கியை வாங்கிக் குறியைப் பார்த்தேன். நான் தகட்டைப் பக்கவாட்டில்தான் தள்ளியிருந்தேன். உயரத்தைத் தொடவில்லை. பன்றி இடுப்பு உயரம்கூட இருக்காது; குண்டோ தோளில் பட்டிருக்கிறது.

"சுட்ட அதிர்வுல நகர்ந்து இருக்குது" என்றேன். "ஆனா இனிமே அவரோட கரும்புக்குள்ள போவாதீங்க."

"அட போபா, அவரு அழுததை நீ பாக்கல" என்று சிரித்து, துப்பாக்கியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

தகட்டைக் கழற்றிப் போட்டேன். இரண்டு நாளில் அண்ணன் வந்தார். காலியான காடியைக் கட்டைவிரலால் தடவினார்.

"எந்தப் பக்கம் நகர்ந்து இருந்துது?"

"வலப்பக்கம் ஐயா."

"தானா?"

நான் அரத்தை எடுத்துத் துடைத்தேன். கடை வாசலில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் அந்த அரத்தைப் பார்த்தார். பிறகு, "இது என் கையில வாணாம், இங்கியே இருக்கட்டும்" என்று துப்பாக்கியை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டினேன். நான்கு வருஷம், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடை வாசலில் வந்து நிற்பார்.

"அது இருக்குதா?"

"இருக்குது ஐயா."

அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும், திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருப்பேன். கேட்டதே இல்லை.

பிறகு தம்பி விஷக்காய்ச்சலில் இறந்துபோனார். கொள்ளி வைக்கும்போது அண்ணன் தாங்கமுடியாமல் அழுதார் என்றார்கள். அதற்கப்புறம் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்க அவர் என் கடைப் பக்கம் வரவே இல்லை.