என் கல்லறைக்குப் போன பயணம்

கல்லறைத் திருநாள் காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் திருவாரூர் வண்டி ஏறினேன். கையில் சம்பங்கி மாலையும் மெழுகுவர்த்திக் கட்டும். எல்லாரும் செத்தவர்கள் கல்லறைக்குப் போவார்கள். நான் என் கல்லறைக்கே போகிறவன். நன்னிலம் பக்கம் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், என் மனைவி சவரியம்மாள் செத்தபோது, ஒரு மூலையை மண்ணடித்து மேடாக்கி இரட்டைக் கல்லறை கட்டினேன். ஒரு அறையில் அவள் இருக்கிறாள், இன்னொன்று எனக்கு. கருங்கல்லில் என் பேரும் பிறந்த வருஷமும் வெட்டியாகிவிட்டது. நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, மண்வெட்டி பிடித்து, டிப்பர் லாரி முதலாளியாக உயர்ந்தவன் நான். சாவுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல் விடுவேனா?

அம்மாபேட்டை தாண்டியதும் மழை பிடித்தது. நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல் மூடிக் கிடந்தது. பக்கத்து சீட்டுக்காரர் மாலையைப் பார்த்து, "யாருக்குங்க?" என்றார்.

"எனக்குத்தாங்க."

மனுஷர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

திருவாரூரிலிருந்து ஊருக்குப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். ஓட்டியவன் சேகர், எங்கள் ஊர் மேலத்தெருக்காரன், இந்து.

"விஷயம் தெரியாதுங்களா? டிராக்டர் ஓட்டுவாருல்ல நம்ம ஆரோக்கியம், நேத்துப் போயிட்டாருங்க."

நடவுக்குப் போன காமாட்சி பனைமரப் பாலத்தில் வழுக்கி வாய்க்காலில் விழுந்திருக்கிறாள். மழைவெள்ளம் மதகை இடித்துக்கொண்டு ஓடிய நேரம். கரையில் நின்றவர்கள் கயிறு தேடினார்கள். ஆரோக்கியம் தேடவில்லை, குதித்தான். அவளைக் கரைக்குத் தள்ளிவிட்டு அவன் மதகில் சிக்கிக்கொண்டான்.

"எங்க தெருப் பொண்ணுங்க அது. எங்காளு ஒருத்தன்கூட எறங்கல" என்றான் சேகர்.

ஒன்பதரைக்கு ஆரோக்கியத்தின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டி வந்துவிட்டிருந்தது. ஆரோக்கியத்தின் அண்ணன் சூசை வாசலில் நின்று பங்குச் சாமியாரிடம் கத்திக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பொம்பளப் புள்ளைய வச்சிருக்கவன் குதிக்கலாமா ஃபாதர்? தெரிஞ்சே போய் விழுறது தற்கொலை இல்லையா?"

"உயிரை வெறுத்துப் போறது வேற, சூசை. அடுத்தவங்க உயிரு பெருசுன்னு போறது வேற" என்றார் ஃபாதர்.

"அப்ப இந்தப் புள்ளைங்க உயிரு சிறுசா?"

பெட்டியோரம் இருந்த லூர்துமேரிதான், ஆரோக்கியத்தின் பெண்டாட்டி, நிமிர்ந்து பார்த்தாள். "மச்சான், அவ தண்ணியில போறத பார்த்துட்டு வீட்டுக்கு வந்திருந்தா, இந்தக் கையால நான் அவருக்குச் சோறு போட்டிருப்பேனா?"

சூசை மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினான், நாங்களும் போனோம்.

ஆனால் புதைக்க இடமில்லை. கல்லறைத் தோட்டம் பள்ளம், முழங்கால் தண்ணீர். டீசல் என்ஜின் வைத்து இறைத்தும் குழியில் ஊறிக்கொண்டே இருந்தது. லூர்துமேரி வந்து எட்டிப் பார்த்தாள்.

"தண்ணியில செத்தவரை மறுபடியும் தண்ணியிலயா போடப் போறீங்க?"

"டவுனுக்குக் கொண்டு போயிடலாம்மா" என்றான் சூசை.

"ஊருக்காகப் போனவரு. ஊரை விட்டு அனுப்ப மாட்டேன்."

ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. எல்லார் கண்ணும் மட்டும் என் மேட்டைப் பார்த்தன. சாகும்போது சவரியம்மாள் என் கையைப் பிடித்து, "பக்கத்துலயே வந்துடுங்க" என்றிருந்தாள். சரி என்று வாக்குக் கொடுத்தவன் நான். அவள் கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றேன். வாக்கைக் காப்பதா, இவனைத் தண்ணீரிலிருந்து காப்பதா? அவள் உயிரோடு இருந்தால், "என்னாங்க இன்னும் யோசனை?" என்று அதட்டியிருப்பாள்.

"கடப்பாரையக் கொண்டாங்கடா. என் கல்லைப் பேர்த்தெடுங்க" என்றேன்.

சூசைக்கு அழுகையிலும் வாய் அடங்காது. "பெரியப்பா, பெரியம்மா பக்கத்துல வேற ஆம்பளையா?"

"அவளுக்கு மகன் வயசுடா அவன்! பெத்துக்காத புள்ள இப்ப வந்து சேர்றான்னு நெனச்சுக்குவா."

அப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேலத்தெரு ஆட்கள் முட்டி மோதிக்கொண்டு பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். முன்னால் நின்றவன் சேகர். ஒப்பாரி வேண்டாம், ஈஸ்டர் பாட்டுப் பாடுங்கள் என்றேன். ஃபாதரே எடுத்துக் கொடுத்தார். கொட்டுகிற மழையில் இரண்டு தெருவும் பாடின. எனக்கென்று வாங்கிய மாலையைக் காமாட்சி பெட்டிமேல் வைத்தாள். லூர்துமேரி குனிந்து அறைக்குள் கைவிட்டுத் தரையைத் தடவினாள்.

"காஞ்சிருக்கு" என்றாள். இரண்டு நாளில் அவள் முகம் தெளிந்தது அப்போதுதான்.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். தஞ்சாவூரில் மூன்று மாடி வீடு கட்டியிருக்கிறேன். அதில் குடிபுகுந்த அன்றுகூட இப்படி நெஞ்சு நிமிர்ந்து நடந்ததில்லை. ஃபாதர் ஆட்டோவரை வந்தார்.

"இனிமே உங்களுக்கு இடம்?"

"மேட்டுக்கு எதிர்த்தாப்புல அந்தப் பள்ளத்துலயே போடுங்க ஃபாதர். தண்ணி வந்தா வரட்டும். மேல படுத்திருக்கவ என்னைப் பார்த்துக்குவா."