கலப்பையா, பெட்டியா

எங்களுக்கு இருந்தது எட்டுப் பரப்புத் தோட்டம். மண்வெட்டி பிடிக்க இரண்டு பேர் இருந்தால் ஒரு வெங்காயப் போகத்துக்குப் போதும். அந்தத் தோட்டத்துக்கு உழவு இயந்திரம், ஒரு றக்ரர், வாங்க வேண்டும் என்று அம்மா சொன்னபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா மறுபடியும் அதையேதான் சொன்னார்.

கொத்துவதற்கு ஆள் கிடைப்பதில்லை என்பது அம்மா சொன்ன காரணம். அது உண்மைதான். ஆனாலும் ஒழுங்கையில், அக்கம்பக்கத்து வீடுகளில், சிரித்தார்கள். எனக்கு ஒன்பது வயது, பெருமை பிடிபடவில்லை.

அப்பா விஞ்ஞானம் படிப்பித்தவர். ஆகவே இயந்திரங்களைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்று நம்பினார். மருதனார்மடத்தில் நின்ற ஒரு நீல நிற டீசல் றக்ரரைப் பார்த்து மயங்கியும் போனார். டீசலுக்கு எங்கே போவது, பற்றரிக்கு எங்கே போவது என்று அம்மா இரண்டே கேள்வி கேட்டார். அது சண்டைக் காலம்; இரண்டும் குடாநாட்டுக்குள் வரத் தடை. அப்பாவின் மயக்கம் தெளிந்தது.

பிறகு பண்டத்தரிப்பில் பழைய றக்ரர் ஒன்று நிற்பதாகக் கேள்விப்பட்டோம். மாமாவைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு மூவரும் ஒரே சைக்கிளில் போனோம். மாமா அம்மாவின் தம்பி. கிணற்றில் விழுந்து இடுப்பு முறிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் படுக்கையாகவே இருந்தார். நல்ல உயரமான மனிதர்.

றக்ரர் சாம்பல் நிறம். அப்பாவுக்கும் அதற்கும் ஒரே வயது இருக்கும். அப்பா ரயரைக் காலால் உதைத்தார், எஞ்சினில் காதை வைத்துக் கேட்டார். எஞ்சின் அப்போது ஓடவில்லை.

“மாஸ்ரர், இது கிழவன்தான்,” என்றார் வீட்டுக்காரர். “ஆனா பெற்றோல் நாலு சொட்டுக் காட்டினா எழும்பும். பிறகு மண்ணெண்ணையைக் குடிச்சுக்கொண்டு ஓடும். பற்றரியும் தேவையில்லை.”

“பொம்பிளையள் சுத்தினாலும் ஸ்ரார்ட் வருமோ?” என்று அம்மா கேட்டார்.

அவர் சிரித்துக்கொண்டே எஞ்சினைச் சுற்றும் ஹாண்டிலை நீட்டினார். பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அடித்துக் கையை முறித்துவிடும் என்று காட்டிக் கொடுத்தார். மருந்துப் போத்தலில் இருந்த பெற்றோலைச் சொட்டு விட்டதும் அம்மா சேலையைச் செருகிக்கொண்டு சுற்றினார். மூன்றாம் முறை எஞ்சின் இருமிக்கொண்டு பிடித்தது. அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

வில்லங்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. கலப்பை, பெட்டி இரண்டில் ஒன்றைத்தான் அவர் தருவாராம். மற்றது மகனுக்கு வேண்டுமாம். பெட்டி என்பது றக்ரருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் வண்டி.

“பெட்டி,” என்றார் அம்மா.

“கலப்பை இல்லாம என்னத்தை உழுறது?” என்று அப்பா கேட்டார்.

“பெட்டி இல்லாட்டி றக்ரரும் வேண்டாம்.”

அம்மா இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். அதில் இரண்டு முடிச்சுகள். நுனியை என்னிடம் தந்து பெட்டியின் ஒரு மூலையில் பிடிக்கச் சொல்லி, மற்றப் பக்கம் இழுத்துப் பார்த்தார். பெட்டி இரண்டாம் முடிச்சோடு முடிந்தது. “காணும், இவ்வளவு போதும்,” என்றார். அப்பா அந்தக் கயிற்றைப் பார்த்தார். அதன்பிறகு அவர் கலப்பை என்ற சொல்லையே எடுக்கவில்லை.

முதல் முடிச்சு எதற்கு என்று வரும் வழியில் கேட்டேன். “மாமாவின்ரை நீளம்,” என்றார் அம்மா. மற்ற முடிச்சைக் கேட்டபோது, “அது மிச்சம்,” என்றார்.

“அப்ப அந்த மிச்சம் எனக்கு.”

“ஓம். உனக்குத்தான்.”

மாமாவின் நீளம் எதற்கு என்று வழியிலேயே நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் ஓடினேன். அம்மா அவரைச் சந்நிதிக் கோயில் திருவிழாவுக்கு றக்ரரில் ஏற்றிப் போகப் போகிறார், அதற்கு அளவெல்லாம் எடுத்தாயிற்று, காலடியில் எனக்கும் இடம் கேட்டு வாங்கிவிட்டேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

“ஓம் பிள்ளை. திருவிழா எண்டே வைச்சுக்கொள்ளுவம்,” என்றார் மாமா.

தோட்டத்தை வழக்கம்போல மண்வெட்டிதான் கொத்தியது. கலப்பையில்லாத றக்ரர் எருவும் குழையும் சுமந்தது. ஒழுங்கைக்கு இன்னும் சிரிப்பு. அந்த ஆவணியில் திருவிழாவுக்கு எங்களை யாரும் ஏற்றிப் போகவில்லை. நான் இரண்டு நாள் அம்மாவோடு கோபம்.

ஐப்பசியில் சண்டை ஊரை நெருங்க, ஊரோடு சேர்ந்து நாங்களும் வீட்டை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்டோம். ஹாண்டிலை அம்மாதான் சுற்றினார். தெருவெல்லாம் சனம் நடந்தது. நான் பெட்டிக்குள் மாமாவின் கால்களை மடியில் வைத்துக்கொண்டு கால் மடக்கி உட்கார்ந்திருந்தேன். இடம் சரியாக இருந்தது. அந்த இடத்தை நானே கேட்டு வாங்கியதாகத்தான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கேட்பதற்கு முன்பே அம்மா அந்த இரண்டாம் முடிச்சைப் போட்டிருந்தார்.