சுற்றாமல் நின்ற ஆரத்தித் தட்டு

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் வந்து உட்காருவதற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்துபோன ஆள் நான். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

போன தேர்தலுக்கு முந்தைய பங்குனி மாதம் நடந்தது இது. கொடைக்கானலிலிருந்து பூம்பாறையைத் தாண்டி, மன்னவனூர் போகிற பாதையில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். பூண்டும் காரட்டும் உருளைக்கிழங்கும்தான் பிழைப்பு. ஊரில் துணை சுகாதார நிலையம் என்று ஒரு கட்டடம் உண்டு. நாங்கள் அதை நர்ஸம்மா வீடு என்போம். பேர்தான் வீடு, நர்ஸம்மா அங்கே தங்குவதில்லை. அவர் ஒருவர் பல ஊர்களைப் பார்க்க வேண்டும். அவர் வருகிற அன்று திறந்திருக்கும். மற்ற நாட்களில் பூட்டுத்தான் தொங்கும். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் இரண்டு கால்தானே.

அந்த மாதம், பெண்களின் உடல்நலத்துக்காக வேலை செய்கிற ஓர் அமைப்பிலிருந்து ஒரு பெண் எங்கள் ஊருக்கு வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்டு அவர் வரவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் எதைக் கேட்க வேண்டும் என்று பெண்களிடம் பேச வந்திருந்தார். கேட்கச் சொன்னது இரண்டே விஷயம். நர்ஸ் ஒருவர் ராத்திரியிலும் ஊரில் தங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எங்கள் உடம்புக்கு எதைச் செய்தாலும் எங்களைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். வீடு காட்ட உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்றார். முடியாது என்று சொல்லத் தெரியாத ஆள் ஊரில் நான் ஒருத்திதான் இருந்தேன். அப்படித்தான் அவரோடு சுற்ற ஆரம்பித்தேன்.

ஓட்டுக் கேட்டுப் போகிறவர்களுக்காவது கூட நாலு பேர், கொடி, மேளம் எல்லாம் உண்டு. எங்களுக்கு ஒன்றும் கிடையாது. மேட்டில் ஏறுவதும் பள்ளத்தில் இறங்குவதுமாக, வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பயிர்க் காட்டுக்கே போய், காரட் கழுவுகிற இடத்தில் தண்ணீரில் நின்றுகொண்டு பேசுவோம். போகிற இடமெல்லாம் ஒரே பதில்தான். "ஓட்டா? எங்க வீட்டுக்காரரு எத அமுக்கச் சொல்றாரோ அத அமுக்கிட்டு வந்துருவேன். சோலி கெடக்கு, வெரசா சொல்லிட்டுப் போங்க." ஒரு வீட்டில், "பேசவே பேசாத ஆளக் கூட்டிக்கிட்டுப் பேச வந்திருக்கு பாரு இந்தப் புள்ள" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். பேச்செல்லாம் நாங்கள் கிளம்பும்போதுதான் வரும். பாதை வரைக்கும் கூடவே வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மூட்டை தூக்கித் தூக்கிக் கர்ப்பப்பை அடி இறங்கிப் போயிருக்கிறது என்று மெதுவாகச் சொல்வார்கள். அடுத்த பிள்ளை வேண்டாம், அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு மனசே கனத்துப்போகும். வீட்டுக்கு வந்தால் சாப்பிடக்கூடத் தோன்றாது. இத்தனை பேரும் இத்தனை வருடமாக இதை எங்கே வைத்திருந்தார்கள் என்று நினைப்பேன். என்னிடமும் அப்படி ஒன்று இருந்தது. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

என் பக்கத்து வீட்டில் இருப்பவர் எனக்கு மதினி முறை. பெரியப்பா மகனின் மனைவி. குழாயடியில் அவர் குரல் எழுந்தால் மற்றக் குடமெல்லாம் தானாக விலகும். அவர் மருமகள் அப்போது நிறைமாதம். அதற்கு முந்தைய பிரசவத்தில் வலி வந்தபோது நர்ஸம்மா வீடு பூட்டிக் கிடந்தது. ஜீப் பிடித்துக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனார்கள். வழியில் ஒரு வளைவில் பிள்ளை பிறந்தது. அழவே இல்லை. ஜீப்பில் கூட இருந்தது மதினிதான். திரும்பி வந்த பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. வேறு யாராவது எடுத்தால், "அவ உடம்புல தெம்பு இல்ல, புள்ள நின்னுக்கிடல" என்று மருமகள் தலையில் போட்டு முடித்துவிடுவார். மருமகளும் தலையைக் குனிந்துகொள்வாள்.

இந்தத் தடவை நாள் நெருங்குமுன்பே கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மதினி விடவில்லை. அமைப்பிலிருந்து வந்த பெண்ணும் நானும் பலமுறை போய்க் கேட்டோம்.

"பூண்டு புடுங்குற நேரத்துல ரெண்டு ஆளு ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்கிட்டா காட்ட யாரு பாக்குறது? அதுவும் போனா சும்மா விடுவாங்களா? என் தங்கச்சி மகளுக்குக் கீழ எங்கயோ ஒரு ஆஸ்பத்திரியில, புள்ள பெத்த கையோட ஒரு வார்த்த கேக்காம, அடுத்த புள்ள தங்காம இருக்கக் காப்பர்டிய வச்சு விட்டுட்டாங்க. அவ வவுத்த வலியோட எம்புட்டு நாளு அலஞ்சா தெரியுமா?"

அந்தப் பெண் மறுத்துப் பேசவில்லை. "அது தப்புதாம்மா. கேக்காம செஞ்சது தப்பு. அதையும் சேத்துத்தான் கேக்கச் சொல்றேன். உங்க மருமகளுக்கு அப்படி நடக்காம நான் கூட வந்து இருக்கேன்" என்றார்.

"இப்புடித்தான் சொல்லுவீங்க. ஓட்டு முடிஞ்சா ஓட்டுக் கேட்டவங்க மூஞ்சியவும் பாக்க முடியாது, ஒங்க மூஞ்சியவும் பாக்க முடியாது."

திரும்பி நடந்தோம். அந்தப் பெண் வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். குதிகால் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. அப்போது வீட்டுக்குப் பின்பக்கமாகச் சுற்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மருமகள் வந்தாள். "சின்னம்மா, ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட நானே கேக்குறேன். யாரும் கேக்க வேணாம், நான் கேக்குறேன்" என்றாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

வேட்பாளர் வருகிற நாள் தெரிந்தது. எங்கள் பக்கம் வேட்பாளர் வந்தால் பெண்களை வரிசையாக நிறுத்தி ஆரத்தி எடுக்கச் சொல்வார்கள். தட்டில் ஏதோ போடுவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அமைப்புக்காரப் பெண் கட்சிக் கூட்டங்களுக்கு வரமாட்டார், அது அவர்கள் வைத்திருக்கிற கட்டுப்பாடு. கேட்பது நாங்கள்தான். மருமகளை முன்வரிசையில் நிறுத்தலாம், வண்டி நின்றதும் அவள் கேட்கட்டும் என்று பெண்கள் சேர்ந்து பேசி வைத்திருந்தோம்.

அன்று மதியத்துக்கு மேல் பனி இறங்கிவிட்டது. மருமகளை மதினி வெளியே விடவில்லை. "நெறமாசக்காரி கூட்டத்துல நிக்கக் கூடாது, வெடி வேற போடுவாங்க" என்று வீட்டில் உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் தாம்பாளத்தோடு வந்தார். எங்கள் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீடு வீடாக அலைந்தது நான்தானே. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டை என் கையில் கொடுத்து முன்னால் தள்ளினார்கள். முடியாது என்று அப்போதும் எனக்குச் சொல்ல வரவில்லை.

வெடி போட்டார்கள். மேளம் அடித்தார்கள். திறந்த வண்டி வந்து எனக்கு நேராக நின்றது. யாரோ என் தட்டில் சூடத்தைக் கொளுத்தினார்கள். வேட்பாளர் கும்பிட்டார். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கேள்வி முழுதும் மனப்பாடமாக இருந்தது. வாயில்தான் இல்லை. சரி, ஆரத்தியையாவது சுற்றிவிட்டு ஒதுங்கிவிடலாம் என்றால் கையும் அசையவில்லை. அப்படியே நின்றேன்.

"சுத்துங்கக்கா, சுத்துங்க" என்றார் ஏற்பாடு செய்த ஆள். வண்டி கொஞ்சம் அசைந்தது, பிறகு நின்றுவிட்டது. சூடம் எரிகிற தட்டோடு ஒரு பெண் எதிரே நிற்கும்போது எந்த டிரைவரும் அவளைச் சுற்றிக்கொண்டு போகமாட்டான். ஆரத்தித் தண்ணீரைக் கீழே ஊற்றாமல் கிளம்புவது சகுனக் கேடு. மேளம் நின்றுபோனது. வேட்பாளர் குனிந்து, "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். பின்னாலிருந்து ஒருவர், "அவங்க அப்படித்தாங்க, வாயே தெறக்காது" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். தட்டு சூடேறிக்கொண்டே இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏத்தா, கைய சுட்டுக்கிடப் போற, குடு இங்க." மதினிதான். தன் தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு என் தட்டை வாங்கினார். அவர் சுற்றி முடித்துவிடுவார், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவர் சுற்றவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேட்பாளரை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ கேக்க வந்தத நான் கேக்குறேங்க. இவளும் அந்தப் புள்ளயும் நாயா அலஞ்சு கேக்கச் சொன்னது இதுதான். நர்ஸம்மா ராத்திரிக்கும் இங்க தங்கணும். எங்க உடம்புல என்ன செஞ்சாலும் எங்களக் கேட்டுச் செய்யணும்."

வேட்பாளர் தலையாட்டினார். மதினி அதோடு நிறுத்துவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். குரல் இறங்கிவிட்டது. குழாயடியில் கேட்கிற குரல் இல்லை அது.

"எம் பேரன் வளைவுல பொறந்தாங்க. ஜீப்புல. இந்தக் கையிலதான் கெடந்தான். சூடா இருந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள ஆறிப் போச்சு. அவ மேல தப்பு ஒண்ணும் இல்லங்க. அவ நல்லாத்தான் பெத்தா."

வேட்பாளர், கண்டிப்பாகச் செய்து தருகிறேன் அம்மா என்றார். கூட இருந்தவரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்தாரா என்று நான் பார்க்கவில்லை. அதற்குள் கூட்டத்தில் ஒருத்தி, மதினியோடு எப்போதும் மல்லுக்கு நிற்கிறவள், சத்தமாகவே கேட்டுவிட்டாள். "அப்ப அவள ஏன் வீட்டுல பூட்டி வச்சிருக்க? ஆஸ்பத்திரிக்கு அனுப்பு பாப்போம்."

மதினி அவளுக்குப் பதில் சொல்லவில்லை. நான் பார்த்தவரையில் அவர் பதில் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். சூடம் அணைந்துபோன தட்டை மூன்று தரம் சுற்றி, தண்ணீரை வண்டிக்கு முன்னால் ஊற்றிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். மேளம் மறுபடி ஆரம்பித்தது. வண்டி போய்விட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் புள்ள நெசமாவே கூட இருக்குமா?"

இருக்கும் என்றேன்.

"கேக்காம ஒண்ணும் செய்ய விடாதுல்ல?"

விடாது என்றேன்.

"போனப் போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். "ஏம்மா, நாந்தான்" என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கத்தில் அந்தப் பெண்ணே பேசியிருக்க வேண்டும். மதினி, சரி சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

அதன் பிறகு தேர்தல் முடிந்தது. வந்த வேட்பாளர் மறுபடி எங்கள் பக்கம் வரவில்லை. நர்ஸம்மா வீட்டில் இன்னும் பூட்டுத்தான் தொங்குகிறது. அமைப்புக்காரப் பெண் மட்டும் சொன்னபடி ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தார். மருமகளுக்குப் பெண் குழந்தை. காப்பர்டி வைக்கட்டுமா என்று அவளைக் கேட்டார்களாம், இப்போது வேண்டாம் என்று அவளே சொன்னாளாம். ஊரில் சிலர் இன்றைக்கும், "வண்டிய மறிச்ச ஆளு நீ" என்று என்னைப் பாராட்டுகிறார்கள். அது தைரியம் இல்லை, பயம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் யாராவது கூப்பிட்டால் வீடு வீடாகப் போகிறேன். கால் வலிக்கிறது, அதே பதில்தான் கிடைக்கிறது. கேட்டுவிட்டால் கிடைத்துவிடும் என்று நான் நினைப்பதில்லை. ஆனால் வருடக்கணக்காக ஒரு பெண்ணின் தலையில் கிடந்த பழி, ஒருவர் வாய் திறந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் இறங்கியதைப் பார்த்தவள் நான். அதனால்தான் கதவைத் தட்டாமல் திரும்ப எனக்கு மனம் வருவதில்லை.

அந்தப் போன் பேசிய மறுநாள் காலை வெள்ளனே மதினி மருமகளைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் பஸ் ஏறினார். நான் அவர்கள் காட்டில் பூண்டு பிடுங்கப் போனேன்.