சுமை தூக்கிக்கு ஒரு பெயர்

பக்கத்தைத் திருப்பினால் விரல்நுனியில் நறநறவென்று ஒட்டும் நிலக்கரிச் சுரங்கப் புழுதியோடுதான் அந்த நாவல் எனக்கு நினைவுக்கு வருகிறது. மந்தாரக்குப்பத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் கொடியில் காயும் துணி, மூடி வைத்த சோறு, பள்ளிக்கூடப் பை என்று எதையும் அந்தப் புழுதி விட்டுவைத்ததில்லை. ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு "நான்-டீடெயில்" என்று வைத்திருந்த இங்கிலீஷ் நாவலை மட்டும் விட்டுவிடுமா என்ன?

கதை ஒரு காட்டுப் பயணம். ஒரு நதியின் ஊற்றைத் தேடி ஒரு கேப்டனும் மூன்று கூட்டாளிகளும் அடர்ந்த காட்டுக்குள் போகிறார்கள். அவர்களுடைய சாமான்களையெல்லாம் சுமந்துகொண்டு ஐந்தாவதாக ஒருவன் போகிறான். நாவல் முழுக்க அவனுக்குப் பெயரே கிடையாது, "போர்ட்டர்", அவ்வளவுதான். புத்தகத்தின் கடைசியில் இருந்த கதாபாத்திரப் பட்டியலில் கேப்டனின் நாய்க்குக்கூடப் பெயர் இருந்தது, இவனுக்கு ஒரு வரி இல்லை. பாதி வழியில் அவன் காய்ச்சலில் விழுகிறான். கேப்டன் அவன் பக்கத்தில் இரண்டு நாள் சாப்பாட்டை வைத்துவிட்டு, அவன் சுமந்த மூட்டையை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, மேலே நடக்கச் சொல்கிறார். ஊற்றைக் கண்டுபிடித்து, ஊர் திரும்பி, மாலை மரியாதையும் வாங்கிக்கொள்கிறார். போர்ட்டர் என்ன ஆனான் என்று நாவல் சொல்லவே இல்லை.

எங்கள் இங்கிலீஷ் மிஸ் கரும்பலகையில் எழுதிப் போட்ட "நோட்ஸ்"படி கேப்டன் உறுதியான தலைவர், பலருக்காக ஒருவரை இழக்கத் துணிந்தவர். சுரங்கத்தில் நிரந்தர வேலையில் இருந்தவர்களின் டவுன்ஷிப் "குவார்ட்டர்ஸ்" பிள்ளைகள் அதை முத்து முத்தாக எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளைத் தூக்கத் தெம்பில்லாதவர்களுக்கு மூட்டையைத் தூக்க மட்டும் தெம்பு எங்கிருந்து வந்தது? எழுந்து கேட்டே விட்டேன். "அதெல்லாம் கொஸ்டின்ல வராது, உட்காரும்மா" என்றார் மிஸ்.

அரையாண்டுத் தேர்வில், நாவலில் பிடித்த ஒரு கதாபாத்திரத்தைப் பற்றி எழுதச் சொல்லிப் பத்து மார்க்குக்கு ஒரு கேள்வி வந்தது. நான் போர்ட்டரைப் பற்றி எழுதினேன். தாகம் என்று கேப்டன் சொன்னபோது தன் பங்குத் தண்ணீரைக் கொடுத்தவன், சேற்றில் விழும்போதும் மூட்டை நனையாமல் பார்த்து விழுந்தவன், அந்தக் காட்டுக்குள் போன ஐந்து பேரில் ஒரே யோக்கியன் என்று எழுதினேன். "போர்ட்டர், போர்ட்டர்" என்று இரண்டு வரி எழுதியதும் கை கூசியது. மனுஷனுக்கு ஒரு பெயர் வேண்டாமா? கலியமூர்த்தி என்று வைத்தேன். அது என் அப்பாவின் பெயர். அப்பா சுரங்கத்தில் "காண்ட்ராக்ட்" ஆள். வேலைத் தளத்தில் மேஸ்திரி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "ஏய் காண்ட்ராக்ட்" என்றுதான் கூப்பிடுவார் என்று அம்மாவிடம் ஒருநாள் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னதை நான் கேட்டிருந்தேன்.

விடைத்தாள் வந்தபோது அந்தப் பதிலுக்குப் பூஜ்யம். ஏழு இடத்தில் கலியமூர்த்தியைச் சிவப்பு மையால் அடித்திருந்தார் மிஸ்.

"இந்தப் பேரு புக்ல எங்கம்மா இருக்கு? கேப்டனைப் பத்தி ஒழுங்கா எழுதி, இந்தப் பேப்பர்ல அப்பாகிட்ட கையெழுத்தும் வாங்கிட்டு வா, மார்க் போடறேன். இந்தப் பத்து மார்க் இல்லன்னா ஃபெயில்தான்."

ஒன்பதாம் வகுப்பிலேயே வடிகட்டி, தேறாதவர்கள் கையில் "டி.சி."யைக் கொடுத்து அனுப்பிவிடும் பள்ளி அது. ஃபெயில் என்றால் என்னவென்று எனக்கு நன்றாகவே தெரியும்.

முதல் ஷிப்ட் முடிந்து சாயங்காலம் வந்த அப்பாவிடம், பெயர் வைத்த விஷயத்தை மட்டும் மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னேன்.

"அவங்க சொல்றத எழுதிக் குடுத்துடு பாப்பா. நாம போயி அவங்களாண்ட மல்லுக்கு நிக்க முடியுமா?"

"எழுத மாட்டேம்ப்பா."

"இந்த ஸ்கூல்ல உன்னச் சேக்க எத்தினி பேரு கால்ல வுழுந்தேன் தெரியுமா? அப்பிடி என்னாதான் எழுதிக் கிழிச்ச?" என்று கத்தினார்.

நானும் விடாமல் கதையைச் சொன்னேன். போர்ட்டர் விழுந்த இடம் வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றப் போன கையை நிறுத்திவிட்டார்.

"ஆள வுட்டுட்டு மூட்டைய மட்டும் தூக்கிக்கினு பூட்டானுங்களா?"

விடைத்தாளை வாங்கினார். அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் ஒரே ஒரு வார்த்தை தெரியும்; தினமும் சுரங்க வாசலில் எடுத்துக் காட்டும் "கேட் பாஸ்" அட்டையில் இருப்பது, நடுவில் இரண்டு வட்டம் ஒட்டி நிற்கும் அவர் பெயர். விரல் தாளின்மேல் போய் அங்கே நின்றது.

"இது என் பேராச்சே. யாரு அடிச்சது?"

அறை விழும் என்றே நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னேன். மிஸ் அடித்திருந்த ஏழு இடத்தையும் அப்பா ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதுவரை தமிழில் மட்டுமே கையெழுத்துப் போட்டவர், பூஜ்யத்துக்குக் கீழே ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து நீல மையில் தன் பெயரை எழுதினார். வெகுநேரம் பிடித்தது.

"கேப்டனும் வேணாம், ஒண்ணும் வேணாம். இப்ப அடிக்கச் சொல்லு, பாக்கலாம்."

மறுநாள் மிஸ் அதைப் பார்த்தார். "அப்பா பேரா இது?" என்றார். ஆமாம் என்றேன். கேப்டனைப் பற்றி எழுதியாயிற்றா என்றார். இல்லை என்றேன். கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டார். மார்க்கை மட்டும் மாற்றவில்லை.

வருஷக் கடைசியில் டி.சி. வந்தது. பஸ் ஏறி வேறொரு பள்ளிக்குப் போய்ப் படித்தேன். அன்றைக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தால் என் பிழைப்பே வேறாக இருந்திருக்கும் என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். இருந்திருக்கலாம். நாளைக்கே அந்தக் கேள்வித்தாளைக் கொண்டுவந்து நீட்டினாலும் நான் அதையேதான் எழுதுவேன்.

அந்த நாவல் பாடத்திட்டத்திலிருந்து போய்விட்டது. நாங்கள் இருந்த வாடகை வீடும் இல்லை. கடைசிவரை "பெர்மனென்ட்" ஆகாத அப்பா, வேலையை விட்ட அன்று அட்டையைச் சுரங்க வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்தார். இப்போதெல்லாம் அட்டை கிடையாதாம், விரலை வைத்தால் போதுமாம். "காண்ட்ராக்ட்" என்ற சொல் மட்டும் எங்கும் போகவில்லை. விடைத்தாள் என்னிடம் இருக்கிறது. ஏழு சிவப்புக் கோடுகளும் வெளிறிவிட்டன. அப்பா எழுதின பெயர்மேல் யாரும் கோடு போடவில்லை.