பெரிய அரங்கின் கதவுக்காரர்

எங்க வீட்டுக்காரருக்கு வேலை கதவு திறக்கிறது. சிரிக்காதீங்க. ஊர்க் கலையரங்க வளாகத்துல மூணு அரங்கு. பெருசு இசைக்குழுவுக்கு, நடுவுல இருக்கிறது நாடகக் குழுவுக்கு, சின்னது நடனக் குழுவுக்கு. வருஷம் பூரா அவங்க அங்கேயேதான் ஒத்திகை, அங்கேயேதான் நிகழ்ச்சி. பெரிய அரங்குக் கதவு இருபத்திரெண்டு வருஷமா இவர் பொறுப்பு.

அங்கே நிகழ்ச்சி முடியுறப்ப ஒரே கணக்குதான். அத்தனை வாத்தியமும் ஒண்ணா முழங்கி நிக்கும். சத்தம் அடங்கினதும் கைதட்டல் ஆரம்பிக்கும். அதுக்குள்ள கதவு ரெண்டும் விரியத் திறந்திருக்கணும். இவர் மேடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், எல்லாம் காதுலதான். வீட்டுல மிக்ஸியை நிறுத்தினாக்கூட கதவைத் திறக்க இவருக்குக் கை துடிக்கும்னு நானும் மகளும் கிண்டல் பண்ணுவோம்.

அந்த மகள் நாடகக் குழுவுல சேர்ந்து ஆறு மாசம். தேறினா நிரந்தரம், இல்லேன்னா வீட்டுக்குப் போன்னுடுவாங்க. அதை முடிவு பண்ணப்போறது இந்தப் புது நாடகம்தான். கோர்ட்டுக் கதை, அவ சாட்சி. ஒண்ணரை மணி நேரம் வாயைத் திறக்காம நிக்கணும், கடைசியில ஒரே ஒரு வசனம். அதைக் கேட்டே ஆகணும்னு இவர் ஒத்தக்கால்ல நின்னு, நடு அரங்குக் கதவைப் பார்த்துக்கிற அம்மாகிட்ட அன்னைக்கு மட்டும் முறை மாத்திக்கிட்டார்.

"அண்ணே, மேடையில விளக்கு அணைஞ்ச பிறகுதான் திறக்கணும், மறந்துடாதீங்க"ன்னு அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு.

நான் கடைசி வரிசையில, அவர் நின்ன இடத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். நீதிபதியா நடிச்சவர், "நீ பார்த்தியாம்மா?"ன்னு கேட்டார். மகள் நிமிர்ந்தா. பேசல. அரங்கத்துல ஒரு சத்தம் இல்ல. இவர் கண்ணெல்லாம் தண்ணி, அவளையே பார்த்துக்கிட்டிருக்கார்.

கை தானாப் போய்க் கதவைத் திறந்துடுச்சு!

வெளி வெளிச்சம் மேடை வரைக்கும் பாஞ்சுது. முந்நூறு தலையும் திரும்பிச்சு. பாவி மனுஷன்! பதறிப்போய் வெளியே ஓடி, கதவை இழுத்துச் சாத்திக்கிட்டார். பெத்த பொண்ணு பிழைப்புல இப்படியா மண்ணைப் போடுவார்? மகளோ அசையல. எல்லாத் தலையும் மறுபடி அவ பக்கம் திரும்புற வரைக்கும் காத்திருந்து, நிதானமாச் சொன்னா. கைதட்டல் காதைப் பிளந்துச்சு.

வெளியே வந்து பார்த்தா, இவர் சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு நிக்கிறார். திட்டத்தான் போனேன், முகத்தைப் பார்த்ததும் பக்கத்துல போய் நின்னுக்கிட்டேன். மகள் வேஷம் கலைக்காம ஓடி வந்தா.

"டைரக்டர் என்னை வச்சுக்கிறாராம்பா! ஆனா உங்களை மட்டும் இந்தக் கதவுப் பக்கம் விடக்கூடாதாம்."

"அது போதும்மா"ன்னார். அப்புறம் தரையைப் பார்த்துக்கிட்டே, "நீ பேசினதுதான் என் காதுல விழல. கதவைச் சாத்திட்டேன்ல" அப்படின்னார்.

மகள் அந்த நடைகூடத்துலயே நாலடி பின்னால போய் நின்னா. நிமிர்ந்தா. பேசல. இவர் அவசர அவசரமா ரெண்டு கையையும் நெஞ்சோட இறுக்கிக் கட்டிக்கிட்டார். எவ்வளவு நேரம் அப்படி நின்னாங்களோ.

"நான் பார்த்தேன்"னா.

அவ சொல்லி முடிச்ச பிறகும் இவர் கையை எடுக்கவே இல்ல. அவளே வந்துதான் பிரிச்சுவிட்டா.