அடைப்புக்குள் பன்னிரண்டு வசனங்கள்

இந்த ஊரில் நான் சோறு பொங்குவது சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் வீட்டுக்காரம்மாள் வைக்கிற ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும். சனிக்கிழமை அவள் அடுப்பை ஒரு மணி நேரம் எனக்கு விட்டுக்கொடுப்பாள். அரிசியை அளந்து, களைவதற்கு முன்னால், என் கை தானாக ஒரு பிடியை எடுத்துப் பக்கத்திலிருக்கும் பிஸ்கட் டப்பாவில் போடும். இதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் அது யாருக்கு என்று கேட்டாள். கடவுளுக்கு என்றேன். மறுநாள் வேலியருகே பக்கத்து வீட்டுக்காரியிடம், எங்கள் வீட்டு இந்தியர் நல்ல மனிதர், ஆனால் பாவம், இன்னும் விக்கிரகத்துக்கு அரிசி படைக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் பாட்டனாரின் தகப்பனார் ஞானஸ்நானம் எடுத்தவர். அதை இவளுக்கு எப்படிப் புரியவைப்பது? இவள் போகிற கோயிலுக்குத்தான் நானும் போகிறேன். திருவிருந்தில் நான் திராட்சரசம் குடித்த பாத்திரத்தைப் பக்கத்தில் முழங்காலில் நிற்கிறவர் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். நாலு தலைமுறைக் கிறிஸ்தவனுக்கு இங்கே கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான்.

பிடியரிசி என்றால் என்ன என்று பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபைகளில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பானை இருக்கும். ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் கடவுளுக்கென்று ஒரு பிடி அதில் விழும். சனிக்கிழமை, சபைப் பெரியவரான மூப்பரின் மனைவி பனையோலைக் கடகப்பெட்டியோடு வீடு வீடாக வந்து வாங்கிப்போவாள். அந்த அரிசியில் பாதி, சபையை நடத்துகிற உபதேசியார் வீட்டுப் பானையில்தான் வேகும். ஒருத்தரைச் சபையிலிருந்து தள்ளிவைத்தால் ஊருக்கு அது தெரிவது கோயிலில் பெயர் வாசிப்பதால் அல்ல. சனிக்கிழமை கடகப்பெட்டி அந்த வாசலைத் தாண்டிப் போகும், அப்போது தெரியும். நான் உபதேசியாராக இருந்தவன். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்த உடம்பு இது.

இங்கே என் உத்தியோகம் என்னவென்று ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் கேட்கிறார்கள். சொன்னால் சிரிப்பார்கள். அச்சு இயந்திரம் வருமுன் சுவிசேஷங்களைக் கையால்தான் எழுதினார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று, அதைப் பார்த்து இன்னொன்று. எழுதினவன் கண் அசந்தால் ஒரு வரி விழுந்துபோகும். ஓரத்தில் ஒருவன் குறித்துவைத்ததை அடுத்தவன் வசனம் என்று நினைத்து உள்ளே சேர்த்துவிடுவான். இப்படி ஆயிரம் வருஷம் நடந்ததில், ஒரு பிரதிபோல இன்னொரு பிரதி இல்லை. இந்தப் பழைய கிரேக்கப் பிரதிகளைப் படம் பிடித்து ஒரு நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். நான் ஒரு பேராசிரியருக்குக் கீழே உட்கார்ந்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, எது எதில் எது இருக்கிறது, எது இல்லை என்று பத்தி பத்தியாகக் குறித்துக்கொடுக்கிறேன். பென்சிலால்தான் எழுத வேண்டும். அந்த அறைக்குள் மையைக் கொண்டுவர யாரையும் விடமாட்டார்கள். முதல் நாள் இந்த விதியைக் கேட்டதும் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். காவல்காரர் நான் பேனாவுக்காக வருத்தப்படுகிறேன் என்று நினைத்து, இரண்டு பென்சில் சீவிக் கொடுத்தார்.

மை என்றால் எனக்கு என்ன என்று சொல்கிறேன். பாளையங்கோட்டையில் வேதம் படித்த காலத்தில் ஐயர் என்று நாங்கள் அழைக்கும் வெள்ளைக்காரப் பாதிரி ஒருவர் எனக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தார். நல்லவர். ஏழெட்டுப் பேர் படித்தோம், எனக்குத்தான் பிடிபட்டது. பிடிபட்டதும் தலைகால் புரியவில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்கு எதிர்க்கரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த எங்கள் ஊருக்கே என்னை உபதேசியாராக அனுப்பினார்கள். வாங்கிப்போன கிரேக்கப் புத்தகத்தில் யோவான் எழுதின சுவிசேஷத்தை வாசித்தேன். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இழுத்துவந்து நிறுத்துவார்களே, பாவமில்லாதவன் முதல் கல் எறியட்டும் என்று இயேசு சொன்னதும் கல்லோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்துபோவார்களே, அந்தப் பன்னிரண்டு வசனம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அதைப் பெயர்த்துக் கடைசிப் பக்கத்தில் அடைப்புக்குள் போட்டிருந்தார்கள். மிகப் பழைய பிரதிகளில் அது கிடையாது என்பதே காரணம். தள்ளிவைத்தவர்களைக் கோயிலில் கடைசியில், கதவோரம் உட்காரவைப்போம் அல்லவா, அந்தமாதிரி.

எனக்குப் பொறுக்குமா? மூப்பர்களுக்கு நடத்தின வேதபாடத்தில் இதை எடுத்து விளாசினேன். அதோடு விட்டேனா? பிரசங்க மேடையிலிருந்த பெரிய தமிழ் வேதாகமத்தைத் திறந்து, எட்டாம் அதிகாரத்தில் அந்த வசனங்களைச் சுற்றிக் கறுப்பு மையால் அடைப்பு போட்டேன். முன்னால் ஒரு கோடு, பின்னால் ஒரு கோடு, ஓரத்தில் ‘பழைய பிரதிகளில் இல்லை’ என்று முத்து முத்தாக என் கையெழுத்து. மூப்பர் ஆசீர்வாதம் அன்றைக்கு எழுந்து நின்று, வேத புஸ்தகத்தில் கோடு கிழிக்க இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று சத்தம் போட்டார். நான் கிரேக்கத்தில் நாலு வார்த்தை சொல்லி அவர் வாயை அடைத்தேன். படித்தவன் என்கிற திமிர், வேறென்ன.

என் அக்காள் ஞானப்பூ அதே ஊரில்தான் இருந்தாள். தாயில்லாத என்னைத் தூக்கி வளர்த்தவள். அவள் புருஷன் இலங்கைத் தோட்டத்துக்குப் போய் ஆறு வருஷமாக ஒரு காகிதமும் போடவில்லை. இருந்த ஒரே பெண்பிள்ளையும் பேதியில் போய், கோயில் கல்லறைத் தோட்டத்தில் தெற்குச் சுவரோரம் கிடந்தது. அக்காள் வயல் வேலைக்கும் வாழை வேலைக்கும் போனாள். அங்கே வாழைக்குலை வண்டி ஓட்டுகிற சுடலைமுத்து என்பவரோடு பழக்கமாகி, அவர் வீட்டுக்கே போய்விட்டாள். தாலியும் இல்லை, கோயில் கலியாணமும் இல்லை. ஆள் இந்து. சபை சும்மா இருக்குமா, தள்ளிவைத்தது. பெயரை வாசித்தவன் உபதேசியாராகிய நான். என் வாயால்தான் வாசித்தேன். அதற்கப்புறம் கடகப்பெட்டி அவள் வாசலைத் தாண்டிப் போனது.

இரண்டு வருஷத்தில் அவளுக்கு நெஞ்சுநோய் கண்டது. பிழைக்கமாட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். தன்னைச் சபையில் திரும்பச் சேர்க்க வேண்டும். திருவிருந்துகூடப் பெரிதில்லை, செத்தால் பிள்ளைக்குப் பக்கத்தில் போட வேண்டும். தள்ளிவைத்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்பது எங்கள் சபை வழக்கம். நான் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சபைக் கூட்டத்தில் பேசவும் செய்தேன். அந்தப் பெண்ணின் கதையைத்தான் எடுத்தேன். வேறெதை எடுப்பது? கல்லோடு வந்தவர்களெல்லாம் போய்விட்டார்களே, நாம் மட்டும் ஏன் நிற்கிறோம் என்று கேட்டேன். இரண்டு மூன்று பேர் தலை குனிந்தார்கள். காரியம் கூடிவருகிறது என்று நினைத்தேன். மூப்பர் ஆசீர்வாதம் பைய எழுந்து மேடைக்குப் போனார். பெரிய வேதாகமத்தைத் தூக்கிவந்து என் முன்னால் விரித்துவைத்தார்.

“வே உபதேசியாரே, இந்தக் கோடு யாரு போட்டது?”

நான்தான் என்றேன்.

“இது வேதத்தில உள்ளது இல்லன்னு இங்கன நின்னு சொன்னது யாரு? அன்னைக்கு இல்லாதது, ஒம்ம அக்காளுக்குன்னு இன்னைக்கு எங்கேருந்துவே வந்துது?”

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியும். இதை எழுதும்போதுகூட அந்தப் பதில் நாக்கில் நிற்கிறது. அடைப்பு போட்டால் பொய் என்று அர்த்தமில்லை, அந்த இடத்தில் யோவான் எழுதினாரா என்பதுதான் சந்தேகம், கதை மெய்யாக நடந்தது என்று பெரிய பெரிய படிப்பாளிகளே நம்புகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். அதையும் எனக்குப் பாளையங்கோட்டையில் சொல்லிக்கொடுத்துத்தான் இருந்தார்கள். அதைவிட, நான் கோடு போட்டது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வாரம்தான் வெள்ளைக்கார ஐயர், உன்னைச் சீமைக்கு அனுப்பிக் கிரேக்கம் மேலே படிக்கவைக்க எழுதியிருக்கிறேன், உன் சபை உன்மேல் குறை சொல்லாமல் இருக்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்த நற்சாட்சிக் கடிதத்துக்கு மூப்பர் கையெழுத்து வேண்டியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். மூப்பர் கையெழுத்து போட்டார்.

போய் அக்காளிடம் சொன்னேன். அவள் பாயில் சாய்ந்திருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. மூப்பர் என்ன காட்டினார் என்று கேட்டாள். கோட்டைப் பற்றிச் சொன்னேன்.

“ஏலே ராசையா, நீ போட்ட கோடுதானலே. அழிச்சிப் போடேன்.”

மை அழியாது அக்கா என்றேன். அடுப்பங்கரையில் பிடியரிசிப் பானை இருந்தது. இந்த இரண்டு வருஷமும் யாரும் வாங்க வரவில்லை என்றாலும் நிறுத்தாமல் போட்டு வந்திருக்கிறாள். சின்னப் பானை நிறைந்து நிறைந்து, பக்கத்தில் இரண்டு பெரிய பானைகளும் நிறைந்திருந்தன. அடியிலிருந்த அரிசியில் வண்டு விழுந்திருந்தது. சீமைக்குப் புறப்படும்போது சுடலைமுத்து வண்டி பூட்டி என்னை ரயிலடிவரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் என்னை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார். நான் ஒரு தடவைகூட அவரை அத்தான் என்று சொல்லவில்லை. தூத்துக்குடியில் கப்பல் ஏறினேன்.

சீமைக்கு வந்தும் குருப்பட்டம் கிடைக்கவில்லை, அது வேறு கதை. கிரேக்கம் கிடைத்தது. அந்தப் பன்னிரண்டு வசனங்களும் பட்ட பாட்டை இங்கேதான் கண்டேன். சில பிரதிகளில் அவை யோவானிலேயே இல்லை, லூக்காவில் போய் ஒதுங்கியிருக்கின்றன. சிலவற்றில் ஓரத்தில் சந்தேகத்துக்கு அடையாளமாக நட்சத்திரக் குறி. ஒரு பழங்கால ஆசிரியர், தங்கள் மனைவிமாருக்குத் துணிச்சல் வந்துவிடும் என்று பயந்த சில ஆண்கள்தான் இதை எடுத்துவிட்டார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். அவர் சொன்னது சரியோ தப்போ, படித்துவிட்டு நூலகத்தில் தலையில் கை வைத்துக்கொண்டேன். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

புது ராஜாவுக்கு முடிசூட்டத் தெருவில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த வாரம் சுடலைமுத்துவின் கடிதம் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் யாரிடமோ சொல்லி எழுதவைத்திருந்தார். நான் வந்தபிறகும் சில வருஷம் இழுத்துக் கிடந்த அக்காள் போய்விட்டாள். தோட்டத்துக்குள் விடவில்லை. தெற்குச் சுவருக்கு வெளியே இருந்த புறம்போக்கில், பிள்ளைக்கு நேரே குழி வெட்டிப் போட்டிருக்கிறார். அவர் சொன்னபடியே எழுதியிருந்த வரி இது:

“சுவருக்கு அங்கன பிள்ளை கிடக்கு, இங்கன தாய் கிடக்கா. உள்ள பிள்ளை பக்கத்தில ஒரு ஆளுக்கு எடம் சும்மாதான் கெடக்கு மாப்ளே.”

அதற்கடுத்த மாதம் பேராசிரியர் எனக்கு ஒரு புதுப் பிரதியின் படங்களைக் கொடுத்தார். யோவான் ஏழாம் அதிகாரம் முடிகிற இடம் வந்தது. வசனங்கள் இல்லை. ஆனால் எழுதினவன் அடுத்த வசனத்தை ஒட்டித் தொடங்கவில்லை. நடுவே வெறுமையாக இடம் விட்டிருந்தான். அவன் பார்த்து எழுதின பிரதியில் அந்தப் பெண் இல்லை, ஆனாலும் அவள் வரவேண்டிய இடம் அது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் விட்டுவைத்திருக்கிறான். படத்தில் தெரிந்த அந்த வெற்றுத் தோல் ஏட்டைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, பேராசிரியர் வந்து என்ன சங்கடம் என்று கேட்டார். இதை எப்படிக் குறிப்பது என்றேன். இதில் என்ன குழப்பம், இல்லை என்று எழுதுங்கள் என்றார். இடம் விட்டிருக்கிறானே என்றேன். அதைக் கீழே அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் போடலாம், பத்தியில் ‘இல்லை’ என்றே இருக்கட்டும் என்றார். அவர் சொன்னது முறைதான். நான் ஏன் தயங்குகிறேன் என்று அவருக்குத் தெரியாது, வெளிச்சம் போதவில்லையா என்று கேட்டு ஜன்னல் திரையை விலக்கிவிட்டார். நான் ‘இல்லை’ என்று எழுதினேன். என் கையெழுத்து இப்போதும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது. இதுவாவது பென்சில்.

அன்றைக்கே சுடலைமுத்துவுக்குப் பதில் எழுதினேன். ‘அத்தான் அவர்களுக்கு’ என்று தொடங்கினேன். அதற்குமேல் என்ன எழுதுவது? மூப்பருக்கும் எழுதினேன், கோடு போட்டது என் தப்பு என்று. இத்தனை வருஷம் கழித்து, இவ்வளவு தூரத்திலிருந்து எழுத எனக்குத் தைரியம் வந்துவிட்டது, பாருங்கள். பதில் வரவில்லை.

இப்போதெல்லாம் சனிக்கிழமை இரண்டு பிடி எடுத்து வைக்கிறேன். போன வாரம் வீட்டுக்காரம்மாள் அதைக் கண்டுபிடித்து, ஏன் இரண்டு என்றாள். ஒன்று என் அக்காளுக்கு என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அக்காள் ஊரிலிருந்து வரப்போகிறாள் என்று நினைத்துவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, தாராளமாக வரச் சொல்லுங்கள், பின்கட்டு அறை சும்மாதான் கிடக்கிறது, ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது என்றாள்.

நான் சரி என்றேன். டப்பா நிறைந்துவிட்டது. வாங்கிப்போக இந்த ஊரில் கடகப்பெட்டி வராது, எங்கள் ஊர்க் கடகப்பெட்டி வாங்காது. மூடியை அழுத்தி மூடிவிட்டு உலையைப் பார்க்கப் போனேன்.