சித்தப்பாவின் கிரகங்களில் காலனி கிடையாது

என் சித்தப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, விண்வெளியில் ஆட்சி. ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் நட்சத்திரங்களும் கிரகங்களும் அவர் சொன்னபடி கேட்கும். வீட்டில் பூனைகூட அவர் பேச்சைக் கேட்காது.

அது பழைய விளையாட்டு. ஓடிப் பிடித்துச் சுடுகிற ரகமில்லை. யோசித்துக் கப்பல் அனுப்பி, ஆளில்லாத கிரகத்தில் மக்களைக் குடியேற்றி, பக்கத்து ராஜ்ஜியத்தோடு சண்டையா சமாதானமா என்று முடிவெடுத்து, ஓர் ஆட்டம் முடிய வாரக்கணக்கில் ஆகும். நான் அப்போது நான்காம் வகுப்பு. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கேட்காமலே ஆலோசனை சொல்வேன்.

அந்த விளையாட்டைச் செய்த கம்பெனியே அதை மறந்துவிட்டது, ரசிகர்கள் விடவில்லை. முகம் தெரியாத ஆட்கள் எங்கெங்கோ உட்கார்ந்து அதன் கோப்புகளைத் திறந்து, புதுக் கப்பல், புது கிரகம் என்று ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். இதற்கு மாட் என்று பெயர். சித்தப்பா செய்த மாட், தமிழ். கப்பல் பழுதுபார்க்கும் இடத்துக்கு, ரயில் பணிமனை இருக்கிற அண்ணனூரின் பெயரை வைத்தார். விஞ்ஞானம் வளரும் கிரகத்துக்கு வேலப்பன்சாவடி, அங்கேதானே அத்தனை கல்லூரிகள். கப்பல் கிளம்பத் தயாரானால் 'ரெடியா கீது அண்ணாத்தே' என்று திரையில் வரும். திரையில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக முறைத்துக்கொண்டு நின்றதைச் சரிசெய்யவே ஒரு மழைக்காலம் போயிற்று.

பிறகு எல்லா மொழிகளையும் ஒரே தொகுப்பாக வெளியிடுவது என்று ரசிகர் குழுவில் முடிவானது. தமிழும் வரும், சித்தப்பாவின் பெயரும் திரையில் ஓடும். "தம்பி பேரு ஃபாரின்லாம் போவுது" என்று அப்பா டீக்கடையில் சொல்லிவிட்டு வந்தார். நான் வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

அப்போதுதான் ஒரு சொல் குறுக்கே வந்தது. மக்கள் குடியேறும் இடத்துக்கு ஆங்கிலத்தில் காலனி என்று இருந்தது. சித்தப்பா ஓர் இடம் விடாமல் அதை எடுத்துவிட்டு 'ஊர்' என்று போட்டிருந்தார். தமிழைச் சரிபார்த்தவர் கனடாவில் இருந்தார். காலனி என்றே விடுங்கள், எல்லோருக்கும் புரிந்த சொல்தானே, 'ஊர்' என்பதை மாற்றினால்தான் தொகுப்பில் சேர்க்க முடியும் என்று எழுதினார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் எழுதினார்.

நான் கனடாக்காரர் கட்சி. நாங்கள் குடியிருந்ததே காலனியில்தானே! மனிதர்கள் ராக்கெட் ஏறிப் போய்க் காலனி கட்டுகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பூந்தமல்லியிலிருந்து வரும் ஷேர் ஆட்டோவில் டிரைவர் "ஊரா, காலனியா?" என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா "ஊரு" என்று சொல்லிவிடுவார். ஊரில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, காலனிவரை நடப்போம். கால் வலிக்கிறது என்று சிணுங்கினால் தூக்கிக்கொள்வார். ஊர் என்றால் யார், காலனி என்றால் யார் என்பது அந்த ஆட்டோவில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

சித்தப்பா கடைசிவரை மாற்றவில்லை. தொகுப்பு அவருடைய தமிழ் இல்லாமலே வெளிவந்தது. திரையில் ஓடிய பெயர்களையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு நான் ஓவென்று அழுதேன். நியாயமாக அவர் அழுதிருக்க வேண்டும்.

"ஒரு வார்த்தைதான சித்தப்பா? காலனின்னு போட்டா இன்னா?"

அவர் மவுஸை உருட்டிக்கொண்டே, "இங்கதான் இல்ல. அங்கயாச்சும் நாம இருக்கற எடம் ஊரா இருந்துட்டுப் போவட்டும்டி" என்றார்.

"அங்கதான் நமக்கு முன்னாடி யாருமே இல்லியே! ஊரா, காலனியான்னு யாரு கேக்கப் போறாங்க?"

சித்தப்பா மவுஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். என் மூக்கைத் துடைத்துவிட்டார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதான்டி பாப்பா" என்றார்.

எது அதான்? நான் கேட்டது கேள்வி. அதையே அவர் ஏன் பதிலாக எடுத்துக்கொண்டார் என்று தெரியாமல், இன்னும் கொஞ்ச நேரம் அழுதேன்.